இறைச்சியும் இன்சுலினும்

நோய்களின் வரலாறு பெரும்பாலும் மருந்துகளின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. நீரிழிவின் வரலாறோ அவ்வாறன்று. அது முதன்மையாக உணவின் வரலாறாகும். 1922ஆம் ஆண்டில் இன்சுலின் நோயாளரைச் சென்றடையும் வரை, நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக வைத்தியரிடம் இருந்த பயனுள்ள படைக்கலம் நோயாளியின் உணவுத் தட்டு ஒன்றே. அத்தட்டில் எதனை வைப்பது, எதனை அகற்றுவது என்னும் வினாவுக்கு முதலிற் கிடைத்த விடை, மாப்பொருளை நீக்கி இறைச்சியை இடவேண்டும் என்பது. அவ்விடை பாதி உண்மையே. பாதி உண்மையை முழு உண்மையெனக் கொண்டமையால் நேர்ந்த இடர்களும், எஞ்சிய பாதியைத் தேடியோர் அடைந்த தெளிவும் இன்றும் அறியத் தக்கன. ஏனெனில், புரதம் சீனியைக் கூட்டாது, ஆதலால் அதனை எவ்வளவும் உண்ணலாம் என்னும் அறிவுரை இக்காலத்தில் மீண்டும் பலர் வாயில் வழங்குகின்றது.

இவ்வரலாற்றின் தொடக்கம் இங்கிலாந்தில். 1776ஆம் ஆண்டில் லிவர்பூல் நகரத்து வைத்தியர் மேத்தியூ டொப்சன், நீரிழிவு நோயாளரின் சிறுநீரை வற்றக் காய்ச்சியபோது எஞ்சிய வெண்ணிறப் பொருள் சீனியை ஒத்திருப்பதைக் கண்டார். அவர்தம் இரத்தத்தின் நீர்ப்பகுதியும் இனித்தது. ஆகவே, இந்நோய் சிறுநீரகத்தில் மட்டும் தோன்றுவதன்று, உடல் முழுவதையும் பற்றியது என்னும் எண்ணம் பிறந்தது. உண்ணும் உணவு உடலுக்குள் சீனியாகி வீணே வெளியேறுகின்றதெனில், சீனியாகாத உணவைக் கொடுத்தாலென்ன என்பதே அடுத்து எழுந்த கேள்வி.

அக்கேள்விக்குச் செயலால் விடை கண்டவர் ஜோன் றோலோ. பிரித்தானியப் பீரங்கிப் படையின் தலைமை வைத்தியராக விளங்கிய அவர், மெரிடித் என்னும் படைத்தலைவருக்கு மருத்துவம் பார்த்து, அதன் விவரத்தை 1797ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். நோய் தோன்றுமுன் அந்நோயாளி 232 இறாத்தல் நிறையுள்ள பருத்த மனிதர். றோலோ அவருக்கு வகுத்த உணவு இன்று கேட்போரை முகஞ்சுளிக்கச் செய்யும். காலையிற் பாலும் சுண்ணாம்பு நீரும் சிறிது பாணும் வெண்ணெயும். நண்பகலில் விலங்கின் இரத்தமும் கொழுப்பும் சேர்த்துச் செய்த பண்டம். பின்னர் நாட்பட்ட இறைச்சியும், ஊசிப்போன கொழுப்புள்ள பன்றியிறைச்சியும். மரக்கறி வகைகள் இயன்றவரை விலக்கப்பட்டன. நோயாளியின் சிறுநீரில் இனிப்பு மறைந்தது. அவர் நலமும் பெற்றார். ஏனைய நோயாளர் அனைவரிடத்தும் இதே பயன் கிட்டவில்லை. ஆயினும், உணவினால் இந்நோயை அடக்கலாம் என்பதை ஐயத்திற்கிடமின்றிக் காட்டிய பெருமை றோலோவுக்கே உரியது.

றோலோ கண்ட பயன் உண்மை; அவர் கூறிய காரணம் பிழை. இரைப்பையே தாவர உணவைச் சீனியாக மாற்றுகின்றது என்றும், விலங்குணவு அவ்வாறு மாறாது என்றும் அவர் நம்பினார். ஐம்பது ஆண்டுகளின் பின்னர்ப் பிரான்சு நாட்டு உடற்றொழிலியல் மேதை குளோட் பேர்னாட் அந்நம்பிக்கையைத் தகர்த்தார். இறைச்சியை மட்டுமே உண்ட நாயின் ஈரலிலிருந்து வெளிப்படும் இரத்தத்திலும் சீனி இருப்பதை 1848ஆம் ஆண்டில் அவர் கண்டார். உண்ணாத சீனியை உடல் தானே ஆக்குகின்றது, ஆக்குமிடம் ஈரல். ஒன்பது ஆண்டுகள் கழித்து, ஈரலிற் சேமிக்கப்படும் கிளைக்கோசன் என்னும் மாப்பொருளையும் அவர் பிரித்தெடுத்தார். உணவிற் சீனியை நீக்கிவிட்டால் உடலிலும் சீனி நீங்கிவிடும் என்ற எளிய கணக்கு அன்றே பொய்த்துப்போயிற்று.

பேர்னாட்டின் காலத்திற் பாரிசு மாநகரில் வாழ்ந்த அப்பொலினேர் பூஷாடா என்னும் வைத்தியருக்கு மற்றொரு பாடத்தைக் கற்பித்தது போர். 1870ஆம் ஆண்டு செப்டெம்பரில் பிரசியப் படைகள் பாரிசை முற்றுகையிட்டன. மறு ஆண்டு சனவரி வரை நீடித்த அம்முற்றுகையில் மக்கள் உணவின்றி வாடினர். ஊரெல்லாம் மெலிந்து நலிந்த அக்காலத்திலே, பூஷாடாவின் நீரிழிவு நோயாளர் பலருடைய சிறுநீரிற் சீனி மறைந்தது. எதனை உண்பது என்பதைப் போலவே எவ்வளவு உண்பது என்பதும் முதன்மையானது என அவர் உணர்ந்தார். மாப்பொருளைக் குறைக்கச் சொன்னதோடு, மொத்த உணவையும் குறைத்து உடலுழைப்பை மிகுக்குமாறும் தம் நோயாளரை வற்புறுத்தினார். இறைச்சியும் அளவுக்கு அடங்கியதே என்பது அவர் கொள்கை.

இதனை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. இத்தாலியின் நேப்பிள்சு நகரில் ஆனால்டோ கன்ரானி என்பவர் இறைச்சியும் கொழுப்பும் மட்டுமே கொண்ட உணவை விதித்தார். நோயாளர் ஒளித்து உண்ணாதிருக்க அவர்களை அறைகளிற் பூட்டியும் வைத்தார். செருமனியரான பேர்னாட் நௌனின் தாமும் கண்டிப்பானவரே. ஆனால் அவரும் அவர் காலத்து ஆய்வாளரும் இறைச்சி மிகுந்தாலும் சிறுநீரிற் சீனி மிகுவதைக் கவனித்தனர். அமெரிக்க அறிஞர் கிரகம் லஸ்க் நாய்களிற் செய்த ஆய்வுகளின் கணக்குப்படி, நீரிழிவு முற்றிய நிலையில் 100 கிராம் புரதத்திலிருந்து ஏறத்தாழ 58 கிராம் சீனி உண்டாகக்கூடும். றோலோவின் தட்டிலிருந்த இறைச்சியிலும் சீனி மறைந்து கிடந்தது என்பதே இதன் பொருள்.

இதற்கிடையில், நோயாளர் யாவரும் ஒரே வகையினர் அல்லர் என்பதும் புலனாகத் தொடங்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் எத்தியென் லான்சரோ, மெலிந்தோரின் நீரிழிவு என்றும் பருத்தோரின் நீரிழிவு என்றும் இந்நோயை இரண்டாக வகுத்தார். ஐரோப்பாவுக்கு இது புதுமையாக இருந்தது. பாரத நாட்டின் பழைய மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதையோ, பிறப்போடு வருவது என்றும் தகாத உணவால் வருவது என்றும் மேகநோயைப் பிரித்து, முன்னதை உடையோர் மெலிந்தவர், பின்னதை உடையோர் பருத்தவர், மிக உண்பவர் என நெடுங்காலத்துக்கு முன்னரே கூறியிருந்தது. வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது; காரணம் மட்டும் எவருக்கும் தெரியவில்லை.

1889ஆம் ஆண்டில் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஒஸ்கார் மின்கோவ்ஸ்கியும் யோசெப் பொன் மேரிங்கும் ஒரு நாயின் சதையியை அகற்றியபோது, அதற்குக் கடும் நீரிழிவு உண்டாயிற்று. இரைப்பையின் பின்னே கிடக்கும் அச்சுரப்பியில் நோயைத் தடுக்கும் ஏதோ ஒரு பொருள் சுரக்கின்றது என்பது உறுதியாயிற்று. ஆனால் அப்பொருளைப் பிரித்தெடுக்க இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அந்த இடைக்காலமே நீரிழிவு மருத்துவத்தின் மிகத் துயரமான காலம்.

நியூயோர்க் நகரத்து றொக்பெலர் ஆய்வுநிலையத்திற் பணியாற்றிய பிரெடெரிக் அலன், 1914ஆம் ஆண்டளவில் ஒரு கடுமையான முறையை வகுத்தார். மாப்பொருள் மட்டுமன்று, புரதமும் கொழுப்பும் கூட நலிந்த சதையிக்குச் சுமையே என்பது அவர் துணிபு. ஆதலால், சிறுநீரிற் சீனி மறையும் வரை நோயாளி உண்ணாநோன்பு இருத்தல் வேண்டும். பின்னர் உயிர் தாங்கும் அளவே உணவு. மரக்கறியைக் கூட மும்முறை வேகவைத்து, நீரை இறுத்து, அதிலுள்ள மாப்பொருளைப் போக்கியே கொடுத்தனர். பருத்த முதியோருக்கு இம்முறை நலம் செய்தது. மெலிந்த சிறுவர்க்கோ, அது நோயால் இறப்பதைத் தள்ளிப்போட்டுப் பசியால் வாடச்செய்யும் வழியாயிற்று. அமெரிக்க அரசியற் பெரியார் சாள்சு எவன்சு ஹியூசின் மகள் எலிசபெத் தன் பதினோராம் வயதில் இந்நோய்க்கு ஆளாகி, மூன்று ஆண்டுகளுக்கு மேல் இவ்வுணவிலே காலங்கழித்தாள். 1922ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில், பதினைந்து வயதை எட்டும் வேளையில், அவளுடைய நிறை 45 இறாத்தலாகக் குறைந்திருந்தது.

அவ்வாண்டிலேயே விடிவும் வந்தது. கனடாவின் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பிரெடெரிக் பாண்டிங்கும் சாள்சு பெஸ்டும், மக்லியோட் என்னும் பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் 1921ஆம் ஆண்டு சதையியிலிருந்து இன்சுலினைப் பெற்றனர். ஜேம்சு கொலிப் அதனைத் தூய்மை செய்தார். 1922 சனவரி 11ஆம் நாள் லெனாட் தொம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி ஏற்றப்பட்டது. முதல் மருந்து போதிய பயன் தரவில்லை. பன்னிரண்டு நாட்கள் கழித்துக் கொடுத்த தூய மருந்து அவனை மீட்டது. எலிசபெத்தும் ரொறன்ரோவுக்குச் சென்று உயிர் பெற்றாள். மணம் புரிந்து, தாயாகி, எழுபத்துமூன்று வயது வரை வாழ்ந்து 1981ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்தார்.

இத்துணைப் பெரும் வெற்றியின் ஒளியில் ஒரு வினா கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று. நீரிழிவு என்பது இன்சுலின் குறைவே, குறைந்ததை ஊசியால் நிரப்பினாற் போதும் என்று உலகம் எண்ணியிருந்த வேளையில், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி வைத்தியசாலையிற் பணிபுரிந்த ஹரல்ட் ஹிம்ஸ்வேர்த் ஓர் எளிய சோதனையைச் செய்தார். நோயாளிக்குக் குளுக்கோசு நீரைப் பருகக் கொடுத்து, அதே வேளையில் நாளத்தில் இன்சுலினையும் ஏற்றி, இரத்தத்திலுள்ள சீனியை அளந்தார். சிலரிடம் இன்சுலின் சீனியை உடனே அடக்கிற்று. வேறு சிலரிடமோ, இன்சுலின் ஏற்றப்படவே இல்லை என்பதுபோற் சீனி உயர்ந்துகொண்டே சென்றது. இன்சுலினை உணரும் நோயாளர், உணராத நோயாளர் என 1936ஆம் ஆண்டில் அவர் இரு பிரிவு செய்தார். பின்னையோருக்குக் குறைவு மருந்தில் அன்று. மருந்தின் கட்டளையைக் கேட்கும் திறனில். பெரும்பாலும் அவர்கள் வயது முதிர்ந்தவர்களாயும் பருத்தவர்களாயும் இருந்தனர்.

இதற்கு ஓராண்டு முன்னரே ஹிம்ஸ்வேர்த் மற்றோர் உண்மையையும் வெளியிட்டிருந்தார். நோயற்ற இளைஞரின் உணவை மாற்றினால் அவர்களுடைய இன்சுலின் உணர்திறனும் மாறுகின்றது என்பதே அது. மாப்பொருள் குறைந்து கொழுப்பு மிகுந்த உணவை உண்டபோது உணர்திறன் தாழ்ந்தது. மாப்பொருள் மிகுந்தபோது உயர்ந்தது. உணவு இரத்தத்திற்குச் சீனியை வழங்குவதோடு நில்லாது, இன்சுலின் என்னும் ஓமோனுக்கு உடல் செவிசாய்க்கும் ஆற்றலையும் மாற்றவல்லது என்பது இவ்வாறு முதன்முறையாகத் தெளிவாயிற்று. ஆனால் இரத்தத்திலுள்ள இன்சுலினை அளக்கும் கருவி அன்றில்லை. ஆதலால் அவர் கூற்று ஏறக்குறைய கால் நூற்றாண்டு காலம் உரிய மதிப்பின்றிக் கிடந்தது.

அக்குறையை நீக்கியோர் நியூயோர்க்கிலுள்ள பிரொங்சு வைத்தியசாலையின் றோசலின் யாலோவும் சொலமன் பேர்சனும் ஆவர். கதிரியக்கப் பொருளைப் பயன்படுத்தி, இரத்தத்திலுள்ள மிகச் சிறிய அளவு இன்சுலினையும் கணிக்கும் முறையை அவர்கள் வகுத்து, 1960ஆம் ஆண்டில் விரிவாக வெளியிட்டனர். முதிர்ந்த வயதில் நீரிழிவு தோன்றியோரின் இரத்தத்தில் இன்சுலின் இல்லாமற் போகவில்லை. குளுக்கோசு உண்டபின் அது நோயற்றோரிலும் மிகுதியாகக் காணப்பட்டது. ஹிம்ஸ்வேர்த் கூறியது மெய்யாயிற்று. பேர்சன் 1972இல் மறைந்தமையால், 1977ஆம் ஆண்டின் நோபல் பரிசை யாலோ பெற்றபோது அவர் அதிற் பங்குகொள்ள இயலவில்லை.

இந்த அளவுகோல் கிடைத்த பின்னரே புரதத்தின் உண்மை இயல்பை ஆராய வழி பிறந்தது. சில குழந்தைகளுக்குப் புரத உணவை உண்டதும் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்குத் தாழ்வதை 1956ஆம் ஆண்டில் வைத்தியர் சிலர் அறிவித்திருந்தனர். புரதத்தின் கூறாகிய லியூசின் என்னும் அமினோ அமிலமே அதற்கு ஏதுவெனவும் காட்டினர். இத்தடத்தைப் பின்பற்றி, 1966ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புளொயிட், பஜான்சு முதலியோர், நோயற்றோர் இறைச்சியை மட்டும் உண்டாலும் இன்சுலின் சுரப்பு உயர்கின்றது என நிறுவினர். சீனி மட்டுமே இன்சுலினை அழைக்கும் என்ற எண்ணம் கைவிடப்பட்டது.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். இறைச்சி இன்சுலினை அழைக்குமாயின், இறைச்சியை மட்டும் உண்டவனுக்குச் சீனி தாழ்ந்து மயக்கம் வரவேண்டாமா? வருவதில்லை, ஏனெனில் அதே சதையியிலிருந்து குளுக்ககோன் என்னும் மற்றோர் ஓமோனும் புரதத்தால் தூண்டப்பட்டுச் சுரக்கின்றது. இன்சுலின் சீனியைத் தசைக்குட் செலுத்த, குளுக்ககோன் ஈரலிலிருந்து சீனியை வெளிவிடச் செய்கின்றது. நலமுள்ள உடலில் இவ்விரண்டும் துலாக்கோலின் இரு தட்டுகள் போல் நிற்கும். நீரிழிவு நோயாளரிடம் குளுக்ககோன் மிகுந்திருப்பதையும் துலாக்கோல் ஒருபுறம் சாய்வதையும் றொஜர் அங்கர் முதலியோர் பின்னர் காட்டினர். நௌனின் காலத்து வைத்தியர் கண்ட 'இறைச்சியாற் கூடும் சீனி'க்கு இதுவும் ஒரு விளக்கமாயிற்று.

பருத்த உடலுக்கும் புரதத்திற்கும் உள்ள தொடர்பை முதலில் வெளிப்படுத்தியவர் பிலிப் பெலிக்கும் அவர்தம் உடனாய்வாளருமாவர். பருத்தோரின் இரத்தத்தில் லியூசின், ஐசோலியூசின், வலின் முதலிய அமினோ அமிலங்கள் மிகுந்திருப்பதையும், அவ்வளவு இன்சுலின் அளவோடு ஒத்துச் செல்வதையும், உடல் மெலிந்தபின் அது குறைவதையும் 1969ஆம் ஆண்டில் அவர்கள் அறிவித்தனர். நாற்பது ஆண்டுகளின் பின்னர் இச்செய்தி புத்துயிர் பெற்றது. மசசூசெற்ஸ் மாநிலத்துப் பிரெமிங்காம் நகர மக்களிடம் பல்லாண்டு நடந்த ஆய்விலிருந்து 2011ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது: நோயற்றிருந்தோருள், ஐந்து குறித்த அமினோ அமிலங்கள் இரத்தத்தில் மிகுந்திருந்தவர்க்கே அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நீரிழிவு மிகுதியாகத் தோன்றிற்று. உயிரணுவினுள் அமினோ அமிலம் மிகும்போது, வளர்ச்சியை ஆளும் எம்-டோர் என்னும் புரதம் தூண்டப்பட்டு, இன்சுலினின் செய்தியை உள்ளே எடுத்துச் செல்லும் வழியை மந்தப்படுத்துகின்றது என்பது ஆய்வுகூடங்களிற் கண்ட உண்மை. எனினும், இம்மிகுதி நோயின் காரணமா அன்றி நோயின் விளைவா என்பது குறித்து அறிஞரிடையே இரு கருத்து நிலவுகின்றது. உணர்திறன் குறைந்த உடல் இவ்வமிலங்களை எரிக்கும் வலிமையை இழப்பதும் மெய்யே.

மனிதரிடம் நேரே செய்த இரு சோதனைகள் இங்கு ஒப்பிடத் தக்கன. அமெரிக்காவின் மினியாபொலிசு நகரில் கனனும் நட்டாலும், நீரிழிவுள்ள பன்னிருவருக்கு ஐந்து வாரம் புரதத்தை இரு மடங்காக்கி, அந்த அளவு மாப்பொருளைக் குறைத்துக் கொடுத்தனர். உடல் நிறை மாறாதிருந்தும் உணவுக்குப் பின்னான சீனி வெகுவாகத் தாழ்ந்தது என 2003ஆம் ஆண்டில் அவர்கள் எழுதினர். சென் லூயிசு நகரிலோ, பருத்த உடலும் முதிர்ந்த வயதும் உடைய, நீரிழிவில்லாத பெண்கள் உணவைக் குறைத்துத் தம் நிறையிற் பத்திலொரு பங்கை இழந்தனர். வழக்கமான அளவு புரதம் உண்டோரின் தசைகளில் இன்சுலின் உணர்திறன் நூற்றுக்கு 25 முதல் 30 வரை உயர்ந்தது. மிகுதியான புரதம் உண்டோர் அதேயளவு மெலிந்தும் அவ்வுயர்வைப் பெறவில்லை. இது 2016ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

மேலோட்டமாக நோக்குவோர்க்கு இவ்விரண்டும் முரண்படும். ஆழ்ந்து நோக்கின் முரணில்லை. முதலாவது அளந்தது இரத்தத்திலுள்ள சீனியை; இரண்டாவது அளந்தது ஓமோனுக்குத் தசை இணங்கும் திறனை. சோற்றினிடத்திற் பருப்பை வைத்தால் உணவுக்குப் பின் சீனி தாழும், அது நன்மையே. ஆயினும் சீனி தாழ்ந்ததனாலேயே உணர்திறன் மீண்டுவிட்டது எனக் கொள்ளலாகாது. றோலோவின் காலந்தொட்டு நேர்ந்த மயக்கம் இதுவே: சிறுநீரில் இனிப்பு மறைந்ததும் நோயின் வேர் அற்றதென எண்ணியமை.

வேரைத் தொட்ட சோதனை இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நடந்தது. றோய் ரெயிலரும் அவர் குழுவினரும் நீரிழிவுள்ள பதினொருவருக்கு எட்டு வாரம் நாளொன்றுக்கு 600 கலோரி உணவே கொடுத்து, 2011ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஏழே நாளில் ஈரலிற் படிந்த கொழுப்பு நூற்றுக்கு 30 பங்கு குறைந்து, ஈரல் இன்சுலினுக்கு மீண்டும் செவிசாய்த்தது. 2017ஆம் ஆண்டில் வெளியான பெருஞ்சோதனையில், இவ்வழியைக் கடைப்பிடித்தோருள் நூற்றுக்கு 46 பேர் ஓராண்டு முடிவில் மருந்தின்றியே நோய் தணிந்திருந்தனர். முற்றுகைக்கால பாரிசில் பூஷாடா கண்டதற்கு 140 ஆண்டுகளின் பின்னர் அறிவியல் காரணம் கூறிற்று எனலாம். அலனின் முறை மெலிந்த சிறுவரை வாட்டியதற்கும் பருத்தோர்க்கு உதவியதற்கும் காரணம் இதனாலேயே விளங்குகின்றது. முன்னையோருக்கு இல்லாதது இன்சுலின். பின்னையோருக்கு இல்லாதது அதனைக் கேட்கும் திறன்.

புரதம் பகைப்பொருள் அன்று. பசியை அடக்குவதில் அதற்கு நிகரில்லை; முதியோரின் தசை தேயாமற் காப்பதும் அதுவே. ஆனால் வைக்கும் இடமும் அளவும் அறிந்து வைத்தல் வேண்டும். ஒரு கோப்பை சோற்றைக் குறைத்து அவ்விடத்திற் பயறோ பருப்போ மீனோ வைப்பது ஒன்று. நிறைந்த தட்டின் மேல் இறைச்சியைக் குவிப்பது முற்றும் வேறொன்று. முன்னது சுமையை மாற்றுகின்றது. பின்னது சுமையைக் கூட்டுகின்றது. சிறுநீரகம் பழுதுற்றோரும் இன்சுலின் ஊசி ஏற்றுவோரும் தம் வைத்தியரைக் கேளாது உணவை மாற்றுதல் கூடாது. ஒரே உணவு ஒருவருக்கு மருந்தாயும் மற்றொருவருக்குச் சுமையாயும் அமைவதேன் என்பதை மருத்துவ உலகம் அறிய இரண்டு நூற்றாண்டு பிடித்தது. அவ்வறிவின் விலையைச் செலுத்தியோர், பூட்டிய அறைகளில் இறைச்சியை மட்டும் உண்டிருந்த நோயாளரும், மும்முறை வேகவைத்த கீரையை எண்ணி எண்ணி உண்ட சிறுவருமே ஆவர்.